நாரை நாரையாகவே இருக்கட்டும்: ஏசாயாவின் ஒரு சொல்லும் மேசியாத் தீர்க்கதரிசன வாதமும்

டிசம்பர் நெருங்கும்போதெல்லாம் ஒரு பட்டியல் மீண்டும் புழக்கத்துக்கு வருகிறது. துண்டறிக்கையாகவும் கைப்பேசிச் செய்தியாகவும் பல மொழிகளில் சுற்றும் அது தமிழிலும் சுற்றுகிறது. எபிரேய மறைநூலில் மேசியாவைக் குறித்து முந்நூறுக்கும் மேற்பட்ட தீர்க்கதரிசனங்கள் உள்ளன என்றும், அவை யாவும் நாசரேத்து இயேசுவிடம் எழுத்துப் பிசகாமல் நிறைவேறின என்றும், ஆகவே கிறித்தவ விசுவாசம் கணக்கால் நிறுவப்பட்ட உண்மை என்றும் அது சொல்கிறது. இடப்பக்கம் பழைய ஏற்பாட்டு வசன எண்; வலப்பக்கம் புதிய ஏற்பாட்டு வசன எண்; நடுவில் சமக்குறி. அதன் முன்வரிசையில் தவறாமல் இடம்பெறுவது ஏசாயா 7:14. அதையொட்டி ஒரு குற்றச்சாட்டும் எழுப்பப்படுகிறது. பழைய தமிழ் வேதாகமத்தில் ‘கன்னிகை’ என்று இருந்ததை, 1995-இல் வெளிவந்த பொது மொழிபெயர்ப்பான திருவிவிலியம் ‘இளம்பெண்’ என்று மாற்றிவிட்டது. அது விசுவாசத்தின் அடித்தளத்தையே பெயர்த்த துரோகம் என்பதே அக்குற்றச்சாட்டு.

குற்றச்சாட்டு தவறு. பட்டியல் அதைவிடப் பெரிய தவறு. இரண்டும் ஒரே வேரில் முளைத்தவை. தன் உரைக்கு ஏற்ப மூலத்தைத் திருத்திக்கொள்ளும் உரிமை படிப்பவனுக்கு உண்டு என்ற எண்ணமே அந்த வேர். இதைச் சபைகளுக்குள் நடக்கும் சிறு பூசல் என்று ஆய்வுலகம் ஒதுக்கிவிட முடியாது. ஒரு மக்கள் தம் நூலைத் தாமே படித்துப் பொருள் சொல்லும் உரிமை பற்றிய வழக்கு இது. அவ்வுரிமை மறுக்கப்பட்ட இடங்களில் மனிதர்கள் எரிக்கப்பட்டிருக்கிறார்கள். இந்திய மண்ணிலும் எரிக்கப்பட்டிருக்கிறார்கள்.

இவ்வழக்கை விசாரிப்பதற்கு மைசூரைப் போல் பொருத்தமான ஊர்கள் குறைவு. ஸ்ரீரங்கப்பட்டணம் வீழ்ந்த 1799-க்குப் பின் மைசூர் நாட்டில் நெடுங்காலம் பணியாற்றிய பிரெஞ்சுப் பாதிரியார் அபே துபுவா, 1823-இல் இலண்டனில் வெளியிட்ட கடிதங்களில் அக்கால விவிலிய மொழிபெயர்ப்புகளைக் கடுமையாகத் தாக்கினார். மறைநூலை அவசர அவசரமாகப் பெயர்த்துக் கையில் திணிப்பதால் ஒருவரும் மனம் மாறப்போவதில்லை என்றார். 1891-இல் இங்கே தொடங்கப்பட்ட கீழ்த்திசை நூலகத்தில்தான், தஞ்சைப் பகுதிப் பண்டிதர் ஒருவர் அளித்த கிரந்த எழுத்துச் சுவடியிலிருந்து அர்த்தசாஸ்திரத்தை ஆர். சாமசாஸ்திரி இனங்கண்டு 1909-இல் அச்சிட்டார். 1969 முதல் இந்திய மொழிகளின் நடுவண் நிறுவனம் இயங்குவதும், தேசிய மொழிபெயர்ப்புப் பணித்திட்டம் செயற்படுவதும் இந்நகரில்தான். பல்கலைக்கழகத்தின் மானசகங்கோத்திரி வளாகத்தில் கிறித்தவவியலுக்கென ஒரு துறையும் உண்டு. சுவடியில் என்ன இருக்கிறதோ அதை முதலில் அச்சிடு, உன் கருத்தைப் பிறகு சொல் என்ற ஒழுக்கத்தில் வளர்ந்த ஊர் இது. அந்த ஒழுக்கத்தை எபிரேய மறைநூலுக்கும் நீட்ட வேண்டும் என்பதே இங்கு முன்வைக்கப்படும் கோரிக்கை.

முதலில் மூலம். ஏசாயா ஏழாம் அதிகாரம் பேசுவது கி.மு. 735-ஐ ஒட்டிய ஓர் அரசியல் நெருக்கடியை. ஆராமின் அரசன் ரேத்சீனும் வடநாடாகிய இசுரவேலின் அரசன் பெக்காவும் கூட்டுச் சேர்ந்து எருசலேமின்மேல் படையெடுக்கிறார்கள். யூதாவின் அரசன் ஆகாஸ் நடுங்குகிறான். அசீரியப் பேரரசின் காலில் விழலாமா என்று எண்ணுகிறான். அவனைச் சந்திக்கும் ஏசாயா, அஞ்சாதே என்று சொல்லி ஓர் அடையாளத்தை அறிவிக்கிறார். ஒரு பெண் மகனைப் பெறுவாள், இம்மானுவேல் என்று பெயரிடுவாள். அடையாளம் அங்கேயே முடிந்துவிடவில்லை. பட்டியல்காரர்கள் ஒருபோதும் சேர்க்காத பதினாறாம் வசனத்தில்தான் அது முழுமையடைகிறது: அந்தக் குழந்தை நன்மை தீமை அறியும் பருவம் எய்துமுன், ஆகாசை நடுங்கவைக்கும் அந்த இரு அரசர்களின் நாடும் பாழாகிவிடும். அவ்வாறே கி.மு. 732-இல் தமஸ்கு வீழ்ந்தது. 722-இல் சமாரியா வீழ்ந்தது. ஆகாசுக்குச் சொல்லப்பட்ட அடையாளம் ஆகாசின் காலத்திலேயே பொருள் பெற்றது. எழுநூறு ஆண்டுகள் கழித்துப் பிறக்கப்போகும் ஒரு குழந்தையைக் காட்டி, இன்று மதிலைச் சூழ்ந்திருக்கும் பகைவனைக் கண்டு அஞ்சாதே என்று எந்தத் தீர்க்கதரிசியும் சொல்லியிருக்க மாட்டார். சொல்லியிருந்தால் ஆகாஸ் சிரித்திருப்பான்.

இனி அந்தச் சொல். எபிரேயத்தில் இருப்பது ‘அல்மா’. மணப்பருவம் எய்திய இளம்பெண் என்பது அதன் பொருள். ஆதியாகமம் 24-இல் ரெபேக்காளையும், யாத்திராகமம் 2-இல் மோசேயின் தமக்கையையும் குறிக்க வருவது இச்சொல்லே. கன்னித்தன்மையைக் குறித்தாக வேண்டிய இடங்களில் எபிரேயம் பொதுவாக எடுத்தாளும் சொல் ‘பெதூலா’. இவ்வேறுபாட்டைப் புரிந்துகொள்ளத் தமிழருக்கு அகராதி வேண்டியதில்லை. பேதை, பெதும்பை, மங்கை, மடந்தை, அரிவை, தெரிவை, பேரிளம்பெண் என்று உலா இலக்கியம் பருவங்களைப் பகுத்த மொழி இது. மங்கை என்பது வயதைச் சொல்லும். கன்னி என்பது நிலையைச் சொல்லும். மங்கை கன்னியாக இருக்கலாம், ஆனால் மங்கை என்ற சொல் அதை உறுதி செய்வதில்லை. ‘அல்மா’ மங்கையின் இனத்துச் சொல். மேலும், ஏசாயாவின் வாக்கியத்தில் அச்சொல்லுக்கு முன் ‘அந்த’ என்னும் சுட்டு நிற்கிறது. அடுத்து வரும் ‘ஹாரா’ என்பது கருவுற்றிருக்கும் நிலையைக் காட்டும் அடைமொழி. ஆதியாகமம் 16-இல், ஏற்கெனவே கருவுற்றிருந்த ஆகாரைப் பார்த்து வானதூதர் பேசும்போதும் அதே அடைமொழிதான் வருகிறது. ஆகவே ஏசாயா சுட்டியது, ஆகாசும் அறிந்த, அவன் காலத்தில் வாழ்ந்த ஒரு பெண்ணை என்று கொள்வதே சொல்லுக்கும் சூழலுக்கும் பொருந்தும்.

‘கன்னி’ வந்தது எங்கிருந்து? கி.மு. காலத்திலேயே அலெக்சாந்திரியா யூதர்கள் வழங்கிய கிரேக்கப் பெயர்ப்பாகிய எழுபதின்மர் பெயர்ப்பில் அவ்விடத்தில் ‘பார்த்தெனோஸ்’ என்ற சொல் நிற்கிறது. அச்சொல் பெரும்பாலும் கன்னியைக் குறிப்பது. ஆயினும் ஆதியாகமம் 34-இல், கெடுக்கப்பட்ட பின்னும் தீனாளை அதே பெயர்ப்பு ‘பார்த்தெனோஸ்’ என்றே அழைக்கிறது. கிரேக்கம் பேசிய கிறித்தவர்கள் அச்சொல்லைப் பற்றிக்கொண்டபோது, அக்கீலா, தெயொதோத்தியோன், சிம்மாக்குஸ் ஆகியோரின் பிற்காலக் கிரேக்கப் பெயர்ப்புகள் ‘நெயானிஸ்’, அதாவது இளம்பெண், என்று எழுதின. இரண்டாம் நூற்றாண்டில் யுஸ்தின் என்னும் கிறித்தவ அறிஞர் திரிபோ என்னும் யூதருடன் நடத்தியதாக எழுதிய உரையாடலில் இந்தப் பூசல் விரிவாக வருகிறது. யூதர்கள் வேண்டுமென்றே மறைநூலைத் திரித்தார்கள் என்ற பழி அன்றே சுமத்தப்பட்டுவிட்டது. 1947-இல் கும்ரான் குகையில் கிடைத்த பெரிய ஏசாயாச் சுருள், இயேசு பிறப்பதற்கு ஒரு நூற்றாண்டுக்கும் முன்னர் எழுதப்பட்டது. அதிலும் இருப்பது ‘அல்மா’தான். திரித்தவர் ஒருவரும் இல்லை. ஆயிரத்து எண்ணூறு ஆண்டுகளாகச் சுமத்தப்பட்ட பழி ஒரு தோற்சுருளின் முன் உதிர்ந்துபோயிற்று. அதற்கு மன்னிப்புக் கேட்ட பட்டியல்காரர் ஒருவரையும் காணோம்.

இந்தப் பின்னணியில் 1995-ஆம் ஆண்டுத் திருவிவிலியம் செய்ததைப் பார்க்க வேண்டும். ஏசாயாவில் அது ‘இளம்பெண்’ என்று எழுதியது. மத்தேயு முதல் அதிகாரத்தில் அதே மேற்கோள் வரும்போது ‘கன்னி’ என்று எழுதியது. எபிரேயத்தில் உள்ளது எபிரேயப்படி, கிரேக்கத்தில் உள்ளது கிரேக்கப்படி. இதில் துரோகம் எங்கே? இரண்டு நூல்களுக்கும் உண்மையாக இருந்தது அந்தப் பெயர்ப்பு. இரு இடத்திலும் ‘கன்னி’ என்று எழுதியவர்கள், மத்தேயு ஏசாயாவை எப்படி வாசித்தார் என்ற கேள்வியே எழாதபடி தடத்தை அழித்தவர்கள். திருத்திய ஆங்கிலப் பெயர்ப்பு 1952-இல் இதே மாற்றத்தைச் செய்தபோது அமெரிக்காவின் வடகரோலினாவில் ஒரு போதகர் அப்பக்கத்தைப் பலர் முன்னிலையில் தீயிட்டார். எரிந்தது மொழிபெயர்ப்பாளரின் சொல் அன்று, ஏசாயாவின் சொல்.

அப்படியானால் மத்தேயு பொய் சொன்னாரா? பட்டியலுக்கு எதிர்முனையில் நிற்கும் பகுத்தறிவுத் துண்டறிக்கைகள் அப்படித்தான் கூறுகின்றன. அவையும் பட்டியலின் மறுபுறமே. தீர்க்கதரிசனம் என்றால் முன்கூட்டிச் சொன்ன செய்தி, நிறைவேற்றம் என்றால் அச்செய்தி பலித்தது என்ற ஒரே வாய்பாட்டை இரு தரப்பும் நம்புகின்றன. ஒரு தரப்பு பலித்தது என்கிறது, மறுதரப்பு பலிக்கவில்லை என்கிறது. மத்தேயுவோ அந்த வாய்பாட்டை அறியாதவர். அவர் யூதர், யூதர்களுக்காக, யூத முறையில் எழுதியவர். அவருடைய முதல் இரண்டு அதிகாரங்களே இதற்குச் சான்று. குழந்தை எகிப்திலிருந்து திரும்பியதை ஓசியா 11:1-இன் நிறைவேற்றம் என்கிறார். ஓசியாவைத் திறந்து பார்த்தால் அங்கே முன்னறிவிப்பு எதுவும் இல்லை. இசுரவேல் மக்கள் எகிப்திலிருந்து மீண்ட பழங்கதையே இருக்கிறது. பெத்லகேம் குழந்தைகளின் படுகொலையோடு எரேமியாவின் ராகேல் அழுகையைப் பொருத்துகிறார்; அதுவும் எரேமியா காலத்து நாடுகடத்தலைப் பற்றிய புலம்பல். நாசரேயன் என்று அழைக்கப்படுவார் என்ற வாக்கைத் தீர்க்கதரிசிகள் கூறியதாகச் சொல்கிறார். அந்த வடிவில் ஒரு வசனம் எபிரேய மறைநூலில் எங்கும் இல்லை. எபிரேய மரபில் ஊறிய ஒருவர் இவற்றை அறியாமல் எழுதியிருப்பாரா? தம் மக்களின் முழு வரலாறும் ஒரே மனிதரின் வாழ்வில் மீண்டும் நிகழ்வதாக அவர் கண்டார்; பழைய சொற்களை அந்தப் புதிய வெளிச்சத்தில் மீண்டும் வாசித்தார். கும்ரான் குழுவினரும் இதைத்தான் செய்தார்கள். அபகூக்கின் பழைய வாக்குகளைத் தம் நீதியின் ஆசிரியருக்கும் தம் காலத்து உரோமருக்கும் பொருத்தி அவர்கள் எழுதிய உரை இன்றும் கிடைக்கிறது. இயேசுவைப் பின்பற்றிய முதல் யூதர்களின் வாசிப்பு இந்தக் குடும்பத்தைச் சேர்ந்தது. அது உரை, மெய்ப்பிப்பு அன்று.

உரைக்கும் மூலத்துக்கும் உள்ள இந்த உறவை விளக்க மைசூரிலிருந்து வெகுதூரம் போக வேண்டியதில்லை. ஏறத்தாழ ஐம்பது கிலோமீட்டர்த் தொலைவில் மேலுகோட்டை, தமிழ் வைணவர் வழக்கில் திருநாராயணபுரம், இருக்கிறது. இராமானுசர் பன்னிரண்டு ஆண்டுகள் வாழ்ந்ததாக மரபு சொல்லும் அந்த ஊரில், கன்னட நாட்டின் நடுவே, தமிழ்த் திவ்வியப் பிரபந்தம் இன்றும் ஒலிக்கிறது. அப்பிரபந்தத்தின் வியாக்கியானங்களில் ‘ஸ்வாபதேசம்’ என்றொரு முறை உண்டு. நம்மாழ்வார் தலைவியின் நிலையில் நின்று நாரையைத் தூது விடுகிறார். வியாக்கியானக்காரர்கள் அந்தப் பறவையை ஆசாரியன் என்று கொள்கிறார்கள். இறைவனிடம் உயிரைக் கொண்டு சேர்ப்பவன் ஆசாரியன் அல்லவா, அதனால். நுட்பமான வாசிப்பு, நூற்றாண்டுகளாக அடியாரை உருக்கிய வாசிப்பு. ஆனால் திருவாய்மொழியின் மூலத்தில் ‘நாரை’ என்ற சொல்லை அடித்துவிட்டு ‘ஆசாரியன்’ என்று எவரும் எழுதிவைக்கவில்லை. மூலத்தில் நாரை நாரையாகவே நிற்கிறது, உரையில் ஆசாரியனாகிறது. நாரை நாரையாக நிற்பதால்தான் ஆசாரியன் என்னும் உரைக்குச் சுவையும் இருக்கிறது. ஏசாயாவில் இளம்பெண் இளம்பெண்ணாகவே நிற்கட்டும். மத்தேயுவின் உரையில் கன்னியாகட்டும். இதை ஏற்க மறுப்பவர் மத்தேயுவைக் காப்பாற்றவில்லை. அவர் செய்த உரைத்தொழிலையே மறைக்கிறார்.

பட்டியலின் இன்னொரு ஆயுதம் கணக்கு. அமெரிக்கக் கணித ஆசிரியர் பீட்டர் ஸ்டோனர் எட்டுத் தீர்க்கதரிசனங்களைத் தேர்ந்து, அவை ஒரே மனிதரிடம் தற்செயலாக நிறைவேறும் வாய்ப்பு பத்தின் பதினேழாம் அடுக்கில் ஒன்று என்றார். டெக்சாஸ் மாநிலம் முழுவதும் இரண்டடி உயரத்துக்கு வெள்ளி நாணயங்களைப் பரப்பி, குறியிட்ட ஒரு நாணயத்தைக் கண்ணைக் கட்டிக்கொண்டு எடுப்பது போன்றது அது என்ற அவரது உவமை தமிழ்ப் பிரசங்கங்களிலும் கேட்கிறது. பெருக்கல் சரி, பெருக்கப்பட்ட எண்கள்தாம் வெறும் காற்று. வாய்ப்புகளைப் பெருக்க வேண்டுமானால் நிகழ்ச்சிகள் ஒன்றையொன்று சாராதவையாக இருக்க வேண்டும். அவற்றைப் பதிவு செய்தவர் தீர்க்கதரிசனத்தைப் படித்திராதவராகவும் இருக்க வேண்டும். சுவிசேட ஆசிரியர்களோ மறைநூலைக் கையில் வைத்துக்கொண்டு எழுதியவர்கள். சகரியா 9:9-இல் அரசன் ஏறிவரும் விலங்கு இரண்டு முறை வேறு வேறு சொல்லால் கூறப்படுவது, தமிழ் இலக்கணம் ஒருபொருட்பன்மொழி என்று சொல்லும் வகையைச் சார்ந்த எபிரேயக் கவிதை வழக்கு. மாற்கில் இயேசு ஒரு கழுதைக் குட்டியில் வருகிறார்; மத்தேயுவில் கழுதையும் குட்டியுமாக இரண்டு விலங்குகள் வந்துவிடுகின்றன. வசனம் நிகழ்ச்சியின் விவரிப்பை வடிவமைக்கிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை. ஸ்டோனர் எண்ணிய எட்டில் ஒன்று சகரியா 13:6. அந்தப் பகுதியைத் திறந்து படிப்பவர் திடுக்கிடுவார்: அது வெட்கித் தலைகுனியும் பொய்த் தீர்க்கதரிசிகளைப் பற்றியது.

எண்களின் பிறப்பிடத்தையும் சொல்லியாக வேண்டும். யூதராகப் பிறந்து கிறித்தவராக மாறிய ஆல்பிரடு எடர்சைம், 1883-இல் வெளியிட்ட இயேசுவின் வாழ்வும் காலமும் பற்றிய தம் பெருநூலில், பண்டைய ரபிகள் மேசியாவுக்குப் பொருத்திய 456 பகுதிகளைத் தொகுத்துத் தந்தார். அது யூத உரைமரபின் தொகுப்பு. ரபிகள் எப்படியெல்லாம் வாசித்தார்கள் என்பதற்கு அது சாட்சி. அத்தனையும் இயேசுவிடம் நிறைவேறின என்பதற்குச் சாட்சி அன்று. பிரசங்க மேடையில் அந்த எண் மட்டும் எடுத்தாளப்படும்போது அதன் பின்னிருந்த யூத அறிஞர்கள் அனைவரும் மறைந்துபோகிறார்கள். யூத கிறித்தவர் ஒருவர் இரு மரபுகளையும் இணைக்கக் கட்டிய பாலம், யூதரை அடிக்கும் தடியாக மாறிவிடுகிறது.

நேர்மை இரு பக்கமும் வேண்டும். ஏசாயா 53-இல் துன்புறும் ஊழியன் இசுரவேல் மக்களே என்பது யூதரின் பின்னாளைய தந்திரம் என்று சொல்லப்படுகிறது. மூன்றாம் நூற்றாண்டிலேயே ஒரிகென் தம் காலத்து யூதர்கள் அவ்வாறு பொருள் கூறியதைப் பதிவு செய்திருக்கிறார். பதினொன்றாம் நூற்றாண்டின் ராஷி புதிதாக எதையும் புனைந்துவிடவில்லை. மறுபுறம், யூத மரபு முழுவதும் ஒரே குரலில் பேசியது என்பதும் உண்மையன்று. ஏசாயாவின் அரமேயத் தர்கூம் அந்த ஊழியனை மேசியா என்றே பெயர் சொல்லி அழைக்கிறது, துன்பங்களை மட்டும் பிறர்மேல் ஏற்றிவிடுகிறது. பாபிலோனியத் தல்மூதின் சன்ஹெத்ரின் பகுதியும் அதிகாரத்தின் ஒரு வரியை மேசியாவுக்குப் பொருத்துகிறது. சங்கீதம் 22-இல், ‘சிங்கத்தைப் போல’ என்று மசோரெத்தியப் பாடம் சொல்லும் இடத்தில் வினைச்சொல் ஒன்று இருந்திருக்கலாம் என்பதற்கு நகால் எவெர் குகைச் சுருள் ஆதரவு தருகிறது. அங்கே கிரேக்கப் பாடத்தின் பக்கம் நியாயம் இருக்கக்கூடும். சுருள் ‘அல்மா’ என்றால் அதையும், சுருள் மசோரெத்தியப் பாடத்திலிருந்து வேறுபட்டால் அதையும் ஏற்பதே ஆய்வு. யூத கிறித்தவ மரபும் ஒற்றைக் குரலுடையதன்று. இரண்டாம் நூற்றாண்டு யூத கிறித்தவர்களான எபியோனியர், ஏசாயாவில் ‘இளம்பெண்’ என்றே வாசித்து, இயேசுவை யோசேப்பின் மகன் என்று கருதியதாக இரெனேயு குறைகூறி எழுதுகிறார். இயேசுவை மேசியாவாக ஏற்கவும் ஏசாயாவை உள்ளபடி வாசிக்கவும் ஒரே மனிதரால் முடிந்தது என்பதற்கு அதுவே அத்தாட்சி.

ஒரு சொல்லுக்கு இவ்வளவு வாதம் எதற்கு என்று கேட்பவர்கள் கோவாவின் வரலாற்றைப் படிக்க வேண்டும். தீர்க்கதரிசனம் உரையாக இருக்கும்வரை அதை ஏற்காதவர் வேறு உரை கொண்டவர், அவ்வளவே. அது மெய்ப்பிப்பாகிவிட்டாலோ ஏற்காதவர் ஒன்று குருடர், அல்லது உண்மை தெரிந்தும் மறைக்கும் வஞ்சகர். 1263-இல் பார்சிலோனாவில் பாப்லோ கிறித்தியானி என்னும் மதம் மாறிய யூதர், நாமானிதேசு என்னும் ரபியை அரசவையில் நிறுத்தி மேசியா வந்துவிட்டார் என்பதை யூத நூல்களாலேயே நிறுவ முயன்றார். வாதத்தில் பணியாத ரபி பின்னர் நாட்டை விட்டே நீங்க நேர்ந்தது. 1413-இல் தொடங்கி அடுத்த ஆண்டுவரை நீண்ட தொர்தோசா வாதத்தில் அதே பணியைச் செய்தவர் ஜெரோனிமோ தெ சாந்தா பே. அவரும் மதம் மாறிய யூதர், பதின்மூன்றாம் பெனதிக்துவின் மருத்துவர். அவருடைய நூல் நூற்றைம்பது ஆண்டுகள் கழித்து, 1565-இல், போர்த்துக்கீசிய மொழியில் இந்தியாவில் அச்சேறியது. கோவாவின் முதல் பேராயர் கஸ்பார் தெ லெயாவ் அதற்கு முன்னுரைக் கடிதம் எழுதினார். மறைநூலில் வாக்களிக்கப்பட்ட மேசியா வந்துவிட்டார் என்று யூதருக்கு எதிராக நிறுவுவதே நூலின் நோக்கம். இந்திய மண்ணில் அச்சான முதற்சில நூல்களுள் ஒன்று இது என்பதைத் தமிழ் அச்சு வரலாறு எழுதுவோர் பெரும்பாலும் கடந்துபோய்விடுகிறார்கள்.

அதை அச்சிட்ட ஜோவாவ் தெ எண்டெம், ஈராண்டு முன்னர் 1563-இல் வேறொரு நூலை அச்சிட்டிருந்தார்: கார்சியா தெ ஓர்த்தா எழுதிய இந்திய மூலிகைகள் பற்றிய உரையாடல்கள். ஓர்த்தா யூத மரபில் வந்த மருத்துவர், வெளிக்குக் கிறித்தவர். கோவாவில் விசாரணை மன்றம் 1560-இல் நிறுவப்பட்டது. ஓர்த்தா 1568-இல் இறந்தார். மறு ஆண்டே அவருடைய தங்கை கத்தரீனா, இரகசியமாக யூத நெறி பின்பற்றியதற்காக எரிக்கப்பட்டார். 1580-இல் ஓர்த்தாவின் எலும்புகள் தோண்டியெடுக்கப்பட்டு எரிக்கப்பட்டன. நூல் நேரடியாக நெருப்பை மூட்டியது என்று சொல்வது மிகை. ஆனால் மேசியா வந்துவிட்டார் என்பது எழுத்தால் நிறுவப்பட்ட உண்மை என்று பேராயரே அச்சிட்டு அறிவித்த நகரத்தில், இன்னும் காத்திருந்த ஒரு பெண்ணுக்கு வேறு இடம் இருந்திருக்காது.

இதே காலத்தில் முத்துக்குளித்துறையில் உழைத்துக்கொண்டிருந்தவர் அண்டிரிக்கு அடிகளார். 1578-இல் கொல்லத்தில் தமிழ் எழுத்தில் தம்பிரான் வணக்கத்தை அச்சிட்டுத் தமிழ் அச்சுக்கலையின் தந்தை என்று போற்றப்படுபவர். அவரும் யூத மரபில் வந்தவர். அந்தக் குருதியின் பெயராலேயே பிரான்சிஸ்கன் சபையிலிருந்து வெளியேற நேர்ந்தவர். தமிழின் முதல் அச்சு நூலைத் தந்த கை ஒரு யூத கிறித்தவரின் கை. அப்படியிருக்கத் தமிழ்க் கிறித்தவ மேடைகளில் யூதர் தம் நூலைப் படிக்கத் தெரியாத குருடராக வருணிக்கப்படுவது நன்றி மறத்தலன்றி வேறென்ன?

இந்த அநீதியின் சுவை தமிழருக்குப் புதிதன்று. ஜி. யு. போப் 1886-இல் வெளியிட்ட குறள் மொழிபெயர்ப்பின் முன்னுரையில், மயிலாப்பூரில் வள்ளுவர் கிறித்தவப் போதனையைக் கேட்டிருக்கலாம் என்று ஊகித்தார். 1969-இல் மு. தெய்வநாயகம் ‘திருவள்ளுவர் கிறித்தவரா?’ என்று நூலே எழுதினார். அப்போது எழுந்த மறுப்பின் சாரம் எளியது: குறளைக் குறளாகப் படியுங்கள், உங்கள் சமயத்துக்குக் கட்டியம் கூறும் நூலாக அதை ஆக்காதீர்கள். வள்ளுவருக்காக அப்படி வாதாடும் மனம் ஏசாயாவுக்காகவும் வாதாட வேண்டும். குறளை இழந்துவிடுவோமோ என்று தமிழர் அஞ்சிய அச்சத்தில், யூதர்கள் ஈராயிரம் ஆண்டுகளாக வாழ்ந்துவருகிறார்கள்.

மெய்ப்பிப்பு போனால் விசுவாசத்துக்கு என்ன மிஞ்சும் என்பது கடைசி அச்சம். கத்தோலிக்கத் திருச்சபையின் விவிலிய ஆணையமே 2001-இல் வெளியிட்ட ஆவணத்தில் இதற்கு விடை சொல்லியிருக்கிறது. தீர்க்கதரிசனங்களை வருங்காலத்தின் நிழற்படங்களாகக் கருதுவது தவறு என்றும், எபிரேய மறைநூலின் யூத வாசிப்பு ஏற்கத்தக்க ஒரு வாசிப்பே என்றும், கிறித்தவ வாசிப்பு உயிர்த்தெழுந்தவர்மீது கொண்ட விசுவாசத்திலிருந்து பின்னோக்கிப் பார்க்கும் வாசிப்பு என்றும் அது ஒப்புக்கொள்கிறது. அதற்கு முன்னுரை எழுதியவர், பின்னர் பதினாறாம் பெனதிக்து ஆன கர்தினால் இராட்சிங்கர். பழமைவாதிகள் ஐயுறும் பேர்வழி அல்லர். விசுவாசம் முதலில், வாசிப்பு பிறகு. எம்மாவு செல்லும் வழியில் சீடர்களுக்கு மறைநூல் விளங்கியதும் அந்த வரிசையில்தான். யூதராகவே வாழ்ந்து இறந்த பவுல் உரோமருக்கு எழுதிய மடலில் ஒட்டப்பட்ட ஒலிவக் கிளைகளை எச்சரிக்கிறார்: வேர் கிளையைச் சுமக்கிறது, கிளை வேரைச் சுமக்கவில்லை. அந்த எச்சரிக்கையை வேற்றினத்துக் கிறித்தவர்கள் அனைவரும், தமிழ்க் கிறித்தவர்கள் உட்பட, தமக்கே உரியதாகக் கொள்ள வேண்டும்.

ஆகவே ஆய்வுலகம் செய்ய வேண்டியது சில எளிய காரியங்களே. அடுத்த தமிழ் விவிலியத் திருத்தத்தில் ஏசாயாவின் சொல் ஏசாயாவின் சொல்லாகவே நிற்க வேண்டும். மத்தேயு கிரேக்கப் பாடத்தைப் பின்பற்றுகிறார் என்பது அடிக்குறிப்பில் தெளிவாக இடம்பெற வேண்டும். மொழிபெயர்ப்பியல் வகுப்புகளில் இந்த வசனம் ஒரு பாடமாக வைக்கப்பட வேண்டும். எபிரேயமும் கிரேக்கமும் தமிழும் ஒரே பலகையில் எழுதப்பட வேண்டும். கிறித்தவவியல் பாடத்திட்டத்தில் யூத உரைகாரர்கள் எதிர்வாதிகளாக அன்றி ஆசிரியர்களாக நுழைய வேண்டும். இவற்றுள் எதற்கும் பெரிய நிதி தேவையில்லை.

பட்டியல் வரும் டிசம்பரிலும் வரும். அதை அனுப்புகிறவரிடம் சண்டை பிடிக்க வேண்டியதில்லை. ஏசாயா ஏழாம் அதிகாரத்தை முதல் வசனத்திலிருந்து இருபத்தைந்தாம் வசனம்வரை ஒருமுறை உரக்கப் படிக்கச் சொல்லி, ஒரே ஒரு கேள்வி கேட்டால் போதும்: பகைவர் வாசலில் நிற்க நடுங்கிக்கொண்டிருந்த ஆகாசுக்கு அந்த அடையாளம் எவ்வாறு பயன்பட்டது?